பெர்த்திலிருந்து நிங்கலூ வரை: மேற்கு ஆஸ்திரேலியப் பவளக் கடற்கரைச் சாலையின் வரலாறு

மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் தலைநகரான பெர்த்திலிருந்து வடக்கே, இந்தியப் பெருங்கடலை ஒட்டி எக்ஸ்மவுத் வரை நீளும் கரைப்பகுதி 'பவளக் கடற்கரை' என்று சுற்றுலாத் துறையால் அழைக்கப்படுகிறது. நேர் வழியில் சென்றால் இது ஏறத்தாழ 1,250 கிமீ தொலைவுள்ள சாலைப் பயணம். கிளைச் சாலைகளில் திரும்பி ஒவ்வொரு பூங்காவையும் பார்த்துச் செல்வோருக்கு இத்தொலைவு இன்னும் பல நூறு கிமீ கூடும். நம்புங், கல்பாரி, பிரான்சுவா பெரோன், கேப் ரேஞ்ச் ஆகிய தேசியப் பூங்காக்களும், ஷார்க் பே, நிங்கலூ கடற்கரை என்ற 2 உலகப் பாரம்பரியக் களங்களும் இவ்வழியில் அமைந்துள்ளன.

மனிதர் எளிதில் எட்ட முடியாத தொலைவில் இருந்ததால்தான் இக்கரை கெடாமல் இருக்கிறது என்ற கருத்து பரவலாக உள்ளது. இக்கரையின் வரலாறு அக்கருத்துக்கு முழுமையாக இடம் கொடுப்பதில்லை. முத்துக்குளிப்பு, ஆட்டுப் பண்ணை, திமிங்கல வேட்டை, எண்ணெய்த் தேடல், கடற்படைத் தளம் என எல்லாமே இங்கு நடந்துள்ளன. இன்று எஞ்சியிருப்பவற்றுள் பல, குறிப்பிட்ட ஆண்டுகளில் குறிப்பிட்ட மனிதர்கள் எடுத்த முடிவுகளால் எஞ்சியவை. தெற்கிலிருந்து வடக்காகச் சாலை செல்லும் வரிசையிலேயே அந்த வரலாறு இங்கே தரப்படுகிறது.

இங்கே பவளம் வளர்வது ஏன்?

பவளத்திட்டுகள் பொதுவாக வெப்பமண்டலக் கடல்களில் வளர்பவை. கண்டங்களின் மேற்குக் கரைகளில் அவை அரிது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையிலும் தெற்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் வடக்கு நோக்கிப் பாய்வதே இதற்குக் காரணம். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை இதற்கு விலக்கு. இங்கே லூவின் நீரோட்டம் என்னும் வெதுவெதுப்பான நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பாய்கிறது. இந்தோனேசியத் தீவுகளின் இடையே பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் வெந்நீர் இதற்கு ஊட்டம் தருகிறது.

நிங்கலூவில் நீண்ட பவளத்திட்டு உருவானதற்கும், அதற்குத் தெற்கே பல நூறு கிமீ தள்ளி கெரால்டன் நகருக்கு எதிரே உள்ள ஹவுட்மன் அப்ரோலோஸ் தீவுகளிலும் பவளம் வளர்வதற்கும் இந்த நீரோட்டமே துணை. மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பவளத்தை வளர்த்த அதே நீரோட்டம் பிற்காலத்தில் அதற்குத் தீங்கு கொண்டுவந்ததைக் கட்டுரையின் இறுதியில் காணலாம்.

நம்புங்: பாலைவனத் தூண்கள்

பெர்த்திலிருந்து ஏறத்தாழ 200 கிமீ தொலைவில் செர்வான்டிஸ் என்னும் சிற்றூர் உள்ளது. 1844-இல் இக்கரையில் சிதைந்த அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பல் ஒன்றின் பெயர் இது. ஊருக்கு அருகிலுள்ள நம்புங் தேசியப் பூங்காவில் மஞ்சள் மணலிலிருந்து ஆயிரக்கணக்கான சுண்ணாம்புக்கல் தூண்கள் எழுந்து நிற்கின்றன. அவற்றுள் உயரமானவை 3.5 மீட்டர் வரை இருக்கும். கடற்சிப்பிகள் நொறுங்கிச் சுண்ணாம்பு மணலாகி, காற்றால் குன்றுகளாகக் குவிந்து, மழைநீரில் கரைந்து மீண்டும் இறுகிக் கல்லானது. பின்னர் சுற்றியிருந்த மணல் காற்றில் பறந்து அகன்றபோது தூண்கள் வெளிப்பட்டன.

பெர்த்துக்கு வடக்கே கடலை ஒட்டிச் செல்லும் இந்தியப் பெருங்கடல் சாலை 2010-இல்தான் முழுமையடைந்தது. அதற்கு முன் வடக்கே செல்வோர் உள்நாட்டு வழியான பிராண்ட் நெடுஞ்சாலையையே நம்பியிருந்தனர். கெரால்டனுக்கு வடக்கே வடமேற்குக் கடற்கரை நெடுஞ்சாலை தொடங்குகிறது. கெரால்டனுக்கும் கார்னார்வோனுக்கும் இடையே 1960களின் தொடக்கத்தில்தான் அதற்குத் தார் போடப்பட்டது. அதற்கு முன் கம்பளி மூட்டைகளும் உணவுப் பொருள்களும் பெரும்பாலும் கப்பல் வழியாகவே சென்றன.

அப்ரோலோஸ் தீவுகள்: பட்டாவியா கப்பலின் கதை

கெரால்டனுக்கு மேற்கே ஏறத்தாழ 60 கிமீ தொலைவில், பவளத்திட்டுகள் சூழ்ந்த 122 சிறு தீவுகளாக அப்ரோலோஸ் பரவியுள்ளது. இப்பகுதியின் எழுதப்பட்ட வரலாறு கப்பல் விபத்துகளோடு தொடங்குகிறது.

பழவேற்காடு, நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகிய இடங்களில் வணிக நிலையங்களை நடத்திய அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, சாவாத் தீவிலுள்ள பட்டாவியாவை (இன்றைய ஜகார்த்தா) தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1611-இல் ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற மாலுமி, நன்னம்பிக்கை முனையைக் கடந்ததும் பலத்த மேலைக்காற்றைப் பயன்படுத்தி நேராகக் கிழக்கே ஓடி, பின்னர் வடக்கே திரும்பும் புதிய வழியைக் கண்டார். இதனால் பயணக் காலம் பெரிதும் குறைந்தது. ஆனால் அக்காலத்தில் கடலில் தீர்க்கரேகையைச் சரியாக அளக்கும் கருவி இல்லை. எங்கே திரும்புவது என்பது மாலுமியின் கணிப்பைப் பொறுத்தே அமைந்தது. திரும்பத் தாமதித்த கப்பல்கள் ஆஸ்திரேலியக் கரையில் வந்து மோதின.

1629 ஜூன் 4 அன்று விடியலுக்கு முன் 'பட்டாவியா' என்ற கப்பல் அப்ரோலோஸ் பவளத்திட்டில் மோதிச் சிதைந்தது. அதில் 300-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். கப்பலின் தலைவர் பிரான்சிஸ்கோ பெல்சார்ட் உதவி தேடிச் சிறு படகில் சாவாவுக்குச் சென்றார். தீவில் எஞ்சியோர்மீது அதிகாரத்தைக் கைப்பற்றிய ஜெரோனிமஸ் கொர்னெலிஸ் என்பவரும் அவரது கூட்டத்தினரும் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றனர். தண்ணீர் தேடுமாறு வேறொரு தீவுக்கு அனுப்பப்பட்ட வீபே ஹேய்ஸ் என்ற வீரர், அங்கே நீரைக் கண்டதோடு, கற்களை அடுக்கி அரண் அமைத்துத் தம்மவர்களைக் காத்தார். அந்தக் கல்லரண்களே ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கட்டியவற்றுள் மிகப் பழையவை. பெல்சார்ட் திரும்பி வந்ததும் குற்றவாளிகள் தூக்கிலிடப்பட்டனர். இளையவர் இருவர் மட்டும் பெருநிலக் கரையில் இறக்கிவிடப்பட்டனர். ஆஸ்திரேலியாவில் தங்கியதாக அறியப்படும் முதல் ஐரோப்பியர் அவர்களே.

1963-இல் கப்பலின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. மீட்கப்பட்ட அதன் மரச்சட்டகத்தின் ஒரு பகுதியை இன்று ஃபிரீமேன்டில் நகர அருங்காட்சியகத்தில் காணலாம்.

இத்தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டில் பறவை எச்சம் உரத்துக்காக வெட்டி எடுக்கப்பட்டது. பின்னர் சிங்கி இறால் பிடிக்கும் மீனவர்கள் பருவகாலக் குடில்களை அமைத்தனர். மேற்கு ஆஸ்திரேலியச் சிங்கி இறால் மீன்பிடிப்பு, 2000-இல் கடல்சார் மேற்பார்வை மன்றத்தின் நிலைத்த மீன்பிடிப்புச் சான்றிதழை உலகிலேயே முதலில் பெற்றது. 2019-இல் தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

கல்பாரி: செங்கல் நிறப் பள்ளத்தாக்கு

கெரால்டனுக்கு வடக்கே மர்ச்சிசன் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கல்பாரி ஊர் உள்ளது. ஆறு, செந்நிற மணற்கல்லை அறுத்து ஆழ்ந்த பள்ளத்தாக்கை உண்டாக்கியுள்ளது. 40 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இந்தப் பாறைகளில், கடலிலிருந்து கரைக்கு ஏறிய கடல்தேள் போன்ற பழங்கால உயிரிகளின் காலடித் தடங்கள் பதிந்துள்ளன. 1963-இல் இது தேசியப் பூங்காவானது. 2020-இல் பள்ளத்தாக்கின் விளிம்பில், ஆற்றுக்கு 100 மீட்டர் மேலே, அந்தரத்தில் நீளும் 2 காட்சி மேடைகள் திறக்கப்பட்டன.

1839-இல் ஆங்கிலேய அதிகாரி ஜார்ஜ் கிரே, தம் படகுகளை இக்கரையில் இழந்து, குழுவினருடன் பெர்த்துக்கு நடந்தே செல்ல நேர்ந்தது. குழுவில் இருந்த கைபர் என்ற நூங்கார் பழங்குடி வழிகாட்டி தண்ணீரையும் உணவையும் கண்டுபிடித்துத் தந்ததால் கிரே உயிர் பிழைத்தார். ஆளற்ற பாலை என்று கருதப்பட்ட இக்கரையில், பரந்த வள்ளிக்கிழங்கு நிலங்களையும் ஆழமான கிணறுகளையும் உறுதியான குடில்களையும் கண்டதாக அவர் பதிவு செய்துள்ளார். நண்டா மக்களின் வாழ்விடங்கள் அவை. ஆளற்ற நிலம் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு அந்தப் பதிவே சான்று.

2021 ஏப்ரல் 11 அன்று செரோஜா புயல் கல்பாரியைத் தாக்கியது. இவ்வளவு தெற்கே கடும் புயல் வருவது அரிது என்பதால் வீடுகள் அதற்கேற்பக் கட்டப்பட்டிருக்கவில்லை. ஊரின் கட்டடங்களில் பெரும்பாலானவை சேதமடைந்தன.

ஷார்க் பே: 1616-க்குத் திரும்பும் தீவு

கல்பாரியிலிருந்து நெடுஞ்சாலைக்குத் திரும்பி வடக்கே சென்றால் ஓவர்லேண்டர் ரோடுஹவுஸ் வரும். பெட்ரோல், உணவு, தங்குமிடம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் இத்தகைய நிறுத்தங்கள் இந்தச் சாலையின் உயிர்நாடி. ஒன்றை விட்டால் அடுத்தது நூறு கிமீக்கு அப்பாலும் இருக்கலாம். மாலை மங்கியதும் கங்காருகளும் மாடுகளும் சாலைக்கு வந்துவிடும் என்பதால் இரவுப் பயணத்தை உள்ளூர் மக்களே தவிர்க்கின்றனர். இங்கிருந்து மேற்கே பிரியும் சாலை ஷார்க் பே பகுதிக்குச் செல்கிறது.

1616 அக்டோபர் 25 அன்று டச்சு மாலுமி டர்க் ஹார்டாக் இங்குள்ள தீவொன்றில் இறங்கி, தம் வருகையைப் பொறித்த வெள்ளீயத் தட்டை ஒரு கம்பத்தில் அறைந்துவிட்டுச் சென்றார். ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் விட்டுச் சென்றவற்றுள் இன்றுவரை கிடைத்துள்ள மிகப் பழைய பொருள் இதுவே. 1697-இல் வில்லெம் டி விளாமிங் அதை எடுத்துக்கொண்டு, பழைய வாசகத்தையும் சேர்த்துப் பொறித்த புதிய தட்டை வைத்தார். ஹார்டாக்கின் தட்டு இன்று ஆம்ஸ்டர்டாமில் உள்ளது. 1699-இல் வந்த ஆங்கிலேயர் வில்லியம் டாம்பியர், இங்கு மிகுந்திருந்த சுறாக்களைக் கண்டு விரிகுடாவுக்கு இப்பெயரை இட்டார். மல்கானா மக்கள் இதை 'இரு நீர்' என்று பொருள்படும் கதாகுடு என்ற பெயரால் அழைக்கின்றனர்.

ஷார்க் பேயின் தென்கிழக்கு மூலையிலுள்ள ஹாமலின் பூல் நீர், திறந்த கடல்நீரைவிட ஏறத்தாழ இருமடங்கு உப்பு நிறைந்தது. மேய்ந்து தின்னும் நத்தை போன்ற உயிரினங்கள் அங்கே பிழைக்க முடிவதில்லை. அதனால் ஸ்ட்ரோமட்டோலைட் எனப்படும் பாறை போன்ற அமைப்புகள் அழியாமல் வளர்கின்றன. நுண்ணுயிரிகள் மணல் துகள்களைப் பிணைத்து அடுக்கடுக்காக இவற்றைக் கட்டுகின்றன. இத்தகைய நுண்ணுயிரிகளின் முன்னோர், ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியில் இதுபோன்ற அமைப்புகளைக் கட்டின. பூமியின் காற்றில் உயிர்வளியை நிரப்பத் தொடங்கியவையும் இவ்வகை உயிரிகளே. 1950களில்தான் இங்குள்ளவை உயிருள்ளவை என்பதை அறிவியலாளர் உணர்ந்தனர். இவை ஆண்டுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வளர்கின்றன. கம்பளி மூட்டைகளைப் படகுக்குக் கொண்டுசென்ற வண்டிகள் இவற்றின் மேல் பதித்த சக்கரத் தடங்கள் இன்றும் மறையவில்லை. சில நாள் வேலை விட்டுச் சென்ற தடத்தை அழிக்க ஒரு நூற்றாண்டும் போதவில்லை.

ஷார்க் பேயின் அடித்தளத்தில் 4,000 சதுர கிமீக்கும் மேல் கடற்புல் பரவியிருந்தது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, இங்குள்ள ஒரே ஒரு கடற்புல் செடி தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு 180 கிமீ நீளத்துக்குப் பரவியிருப்பதைக் காட்டியது. அதன் வயது குறைந்தது 4,500 ஆண்டுகள் என்று மதிப்பிடப்படுகிறது. இப்புல்லை மேய்ந்து வாழும் கடற்பசுக்கள் ஏறத்தாழ 10,000 உள்ளன. பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அதே இனம்தான் இது.

1991-இல் ஷார்க் பே உலகப் பாரம்பரியக் களமானது. ஆனால் நிலத்தின் நிலை அதற்குள் மாறியிருந்தது. முத்துக்குளிப்பால் எழுந்த டென்ஹாம் ஊரைச் சுற்றியும் பெரோன் மூவலந்தீவிலும் ஹார்டாக் தீவிலும் பல பத்தாண்டுகளாக ஆடுகள் மேய்ந்தன. வெளியிலிருந்து வந்த பூனைகளும் பெருநிலத்தில் நரிகளும் சிறு விலங்குகளைத் தின்றன. பெரோன் ஆட்டுப் பண்ணையை 1990-இல் மாநில அரசு விலைக்கு வாங்கித் தேசியப் பூங்காவாக்கியது. மூவலந்தீவின் குறுகிய கழுத்துப் பகுதியில் வேலி அமைத்து நரிகளை ஒழிக்கும் பணி 1990களில் தொடங்கியது. டர்க் ஹார்டாக் தீவு 2009-இல் தேசியப் பூங்காவானது. அங்கே செம்மறி ஆடுகளும் வெள்ளாடுகளும் அகற்றப்பட்டு, 2018-இல் பூனைகளும் முற்றிலும் ஒழிக்கப்பட்டன. இத்தீவிலிருந்து மறைந்துபோன சிறு விலங்குகள் மீண்டும் கொண்டுவந்து விடப்படுகின்றன. ஹார்டாக் கண்ட நிலைக்குத் தீவைத் திருப்புவதே நோக்கம் என்பதால் இத்திட்டத்துக்கு '1616-க்குத் திரும்புதல்' என்று பெயர்.

பெர்னியர், டோர் தீவுகள்: சிறையான மருத்துவமனை

கார்னார்வோன் நகருக்கு எதிரே கடலில் உள்ள பெர்னியர், டோர் தீவுகள் இன்று அரிய சிறு விலங்குகளின் காப்பிடங்களாக அறியப்படுகின்றன. அவற்றின் மனித வரலாறு துயரமானது. 1908 முதல் 1919 வரை, பால்வினை நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட பழங்குடி ஆண்களும் பெண்களும் மாநிலத்தின் பல பகுதிகளிலிருந்து இங்கே கொண்டுவந்து அடைக்கப்பட்டனர். பலர் கழுத்தில் சங்கிலி பூட்டி அழைத்துவரப்பட்டனர். முறையான மருத்துவப் பரிசோதனைகூட இல்லாமல் காவலர்களே நோயைத் தீர்மானித்த நிகழ்வுகள் உண்டு. நூற்றுக்கணக்கானோர் இவ்வாறு அனுப்பப்பட்டனர். பலர் வீடு திரும்பாமல் தீவுகளிலேயே இறந்து புதைக்கப்பட்டனர்.

2019 ஜனவரியில் கார்னார்வோனில் மேற்கு ஆஸ்திரேலிய அரசு இதற்காக மன்னிப்புக் கேட்டது. தீவுகளை நோக்கும் கடற்கரையில் நினைவுச் சிலையும் நிறுவப்பட்டது. யாரும் எட்டாத தொலைவு விலங்குகளுக்குப் புகலிடம் ஆனது உண்மை. அதே தொலைவு மனிதர்களுக்கு இழைத்த அநீதியை மறைக்கவும் உதவியது.

கார்னார்வோன்

கேஸ்கோய்ன் ஆற்றின் முகத்துவாரத்தில் கார்னார்வோன் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி இந்த ஆறு மேலே வறண்ட மணலாகக் காட்சியளிக்கும். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடுகிறது. அந்த நீரை இறைத்தே வாழை, மா, காய்கறித் தோட்டங்கள் வளர்க்கப்படுகின்றன. வைகைக் கரையில் ஊற்றுத் தோண்டி நீர் எடுப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. 1964 முதல் 1975 வரை இங்கே இயங்கிய விண்கலக் கண்காணிப்பு நிலையம் அப்போலோ நிலவுப் பயணங்களுக்கு உதவியது.

1941 நவம்பர் 19 அன்று இக்கரைக்கு அப்பால் நடந்த கடற்சண்டையில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி' அதிலிருந்த 645 பேருடனும் மூழ்கியது. அதனுடன் மோதிய ஜெர்மானியக் கப்பல் 'கோர்மோரன்' மூழ்கினாலும், அதில் பிழைத்தோர் பலர் கார்னார்வோனுக்கு வடக்கே கரை சேர்ந்தனர். 'சிட்னி' எங்கே கிடக்கிறது என்பது 2008 மார்ச் மாதத்தில்தான் தெரியவந்தது.

நிங்கலூ: வேட்டையிலிருந்து காப்புக்கு

கார்னார்வோனைக் கடந்து மினில்யா ரோடுஹவுஸில் இடப்பக்கம் திரும்பும் சாலை மகரரேகையைக் கடந்து கோரல் பே, எக்ஸ்மவுத் ஊர்களுக்குச் செல்கிறது. இந்த நிலமுனையின் மேற்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 260 கிமீ நீளத்துக்கு நிங்கலூ பவளத்திட்டு உள்ளது. ஆஸ்திரேலியாவின் கிழக்கே உள்ள பெருந்தடுப்புப் பவளத்திட்டைக் காணப் பல இடங்களில் படகில் நெடுநேரம் செல்ல வேண்டும். நிங்கலூவிலோ சில இடங்களில் கரையிலிருந்து சில நூறு மீட்டர் நீந்தினாலே திட்டை அடையலாம். 300-க்கும் மேற்பட்ட பவள வகைகளும் 700-க்கும் மேற்பட்ட மீன் வகைகளும் இங்கே உள்ளன.

கரையை ஒட்டி எழும் கேப் ரேஞ்ச் சுண்ணாம்புக் குன்றுகளில் உள்ள மண்டுமண்டு ஓடைக் குகையில், துளையிட்ட கடற்சிப்பி மணிகள் அகழாய்வில் கிடைத்தன. அவற்றின் வயது 30,000 ஆண்டுகளுக்கும் மேல். உலகின் தொன்மையான அணிகலன்களுள் அவையும் அடங்கும். பையுங்கு, தலன்ஜி மக்களின் முன்னோர் அக்காலம் முதலே இக்கடலின் வளத்தில் வாழ்ந்தனர்.

20-ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்தவர்கள் வேறு நோக்கங்களுடன் வந்தனர். நார்வே நாட்டினர் 1912 அளவில் பாயின்ட் குளோட்ஸ் அருகே திமிங்கல நிலையம் அமைத்தனர். அந்த விரிகுடா இன்றும் நார்வேஜியன் பே என்றே வழங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார்னார்வோனிலும் வேட்டை மீண்டும் நடந்தது. ஆண்டுதோறும் கரையோரமாக வடக்கே வரும் கூன்முதுகுத் திமிங்கலங்கள் ஏறக்குறைய அற்றுப்போகும் நிலை வந்தபின், 1963-இல் அவற்றின் வேட்டை நின்றது. அதன்பின் அவை பெருகின. 2022-இல் ஆஸ்திரேலிய அரசு அவற்றை அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. வேட்டையை நிறுத்தினால் ஓர் இனம் மீளும் என்பதற்கு உலகில் உள்ள தெளிவான சான்றுகளுள் இது ஒன்று.

போர்க்காலத்தில் எக்ஸ்மவுத் வளைகுடாவில் அமெரிக்கர் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான தளம் அமைத்தனர். 1943 செப்டம்பரில் 'கிரைட்' என்ற மீன்பிடிப் படகு இங்கிருந்து புறப்பட்டு, ஜப்பானியர் பிடியிலிருந்த சிங்கப்பூர்த் துறைமுகக் கப்பல்களைத் தாக்கிவிட்டு வந்தது. 1953-இல் ரஃப் ரேஞ்ச் என்ற இடத்தில் தோண்டிய கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. நாடே பரபரப்படைந்தது. ஆனால் தொடர்ந்து தோண்டியும் வணிகத்துக்குப் போதிய எண்ணெய் கிடைக்கவில்லை. 1967-இல் அமெரிக்கக் கடற்படையின் வானொலித் தகவல் நிலையத்துக்காக எக்ஸ்மவுத் ஊரே புதிதாக எழுப்பப்பட்டது. நீருக்கடியில் உள்ள நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் அந்த நிலையத்தின் நடுக்கோபுரம் 387 மீட்டர் உயரமுடையது.

ஒரு துறைமுகத் திட்டமும் மக்கள் இயக்கமும்

கேப் ரேஞ்ச் 1960களில் தேசியப் பூங்காவானது. நிங்கலூ கடல்பூங்கா 1987-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவிப்பு மட்டுமே காப்பு ஆகிவிடவில்லை. கோரல் பே அருகே மாட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் கரையைத் தோண்டிப் படகுத்துறையும் பெரிய விடுதிகளும் அமைக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு, 2000 வாக்கில் வேகமெடுத்தது. கரையைத் தோண்டினால் வண்டலும் கழிவும் திட்டை மூடும் என்றும், படகுகள் பெருகினால் ஆமைகளும் கடற்பசுக்களும் பாதிக்கப்படும் என்றும் எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். வேலைவாய்ப்பும் வசதியும் வரும் என்று திட்டத்தை வரவேற்றவர்களும் இருந்தனர்.

'நிங்கலூவைக் காப்போம்' இயக்கத்தில் எழுத்தாளர் டிம் விண்டன் முன்னின்றார். தம் நாவலுக்குக் கிடைத்த பரிசுப் பணத்தை இயக்கத்துக்கே கொடுத்தார். 2002 இறுதியில் ஃபிரீமேன்டில் நகரில் நடந்த பேரணியில் பல்லாயிரம் பேர் கலந்துகொண்டனர். அவர்களுள் பலர் நிங்கலூவை நேரில் பார்த்திராத நகரவாசிகள். 2003 ஜூலையில் மாநில முதல்வர் ஜெஃப் கேலப் திட்டத்தை நிராகரித்தார். மறு ஆண்டே கடல்பூங்கா திட்டின் முழு நீளத்துக்கும் விரிவாக்கப்பட்டு, அதன் 34 விழுக்காடு மீன்பிடிப்பு அனுமதிக்கப்படாத பகுதியானது. 2011-இல் நிங்கலூ கடற்கரை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்கப்பட்டது. குன்றுகளுக்கு அடியிலுள்ள நிலத்தடி நீரில் வாழும் கண்ணில்லா மீன் போன்ற அரிய உயிரினங்களும் இந்தச் சிறப்புக்குக் காரணம்.

திமிங்கலச் சுறாவும் விதிகளும்

ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் முழுநிலவுக்குச் சில நாள்களுக்குப் பின் பவளங்கள் ஒரே நேரத்தில் கருவணுக்களை நீரில் வெளியிடுகின்றன. அதையடுத்த மாதங்களில் உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறா இங்கே கூடுகிறது. 1980களில் எக்ஸ்மவுத்தில் பணியாற்றிய ஜெஃப் டெய்லர் என்ற மருத்துவர் இவற்றின் வருகையை முதலில் முறையாகப் பதிவு செய்தார். இவற்றுடன் நீந்துவது பெரும் சுற்றுலாவாக வளர்ந்தபோது, 1990களில் உரிம முறை கொண்டுவரப்பட்டது. ஒரு சுறாவை ஒரு நேரத்தில் ஒரு படகே அணுகலாம். ஒரே நேரத்தில் 10 பேர் வரையே நீரில் இருக்கலாம். அதைத் தொடக் கூடாது. உடலிலிருந்து 3 மீட்டரும் வாலிலிருந்து 4 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். சுறாவின் உடற்புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும் என்பதால், விண்மீன்களின் அமைப்பை ஒப்பிட வானியலாளர் பயன்படுத்திய கணக்கு முறையைத் தழுவி அவற்றை அடையாளம் காண்கின்றனர். பயணிகள் எடுக்கும் ஒளிப்படங்களும் இந்த ஆய்வுக்கு உதவுகின்றன.

நிலத்தின் உரிமையாளர்கள்

பூங்காக்கள் அறிவிக்கப்பட்ட பல பத்தாண்டுகள் வரை, அங்கே பரம்பரையாக வாழ்ந்த மக்களின் உரிமை சட்டப்படி ஏற்கப்படவில்லை. 2018-இல் கல்பாரிப் பகுதியில் நண்டா மக்களுக்கும் ஷார்க் பேயில் மல்கானா மக்களுக்கும் கூட்டாட்சி நீதிமன்றம் பூர்வீக உரிமையை ஏற்றது. 2019 டிசம்பரில் யிங்கார்டா, பையுங்கு, தலன்ஜி மக்களுக்கு அது கிடைத்தது. அவர்கள் தொடுத்த வழக்கு 20 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. மனுவில் கையெழுத்திட்ட மூத்தோர் பலர் தீர்ப்பைக் காண உயிரோடு இல்லை. இப்போது கரையோரப் பகுதிகளைப் பராமரிப்பதில் அம்மக்களும் அரசுடன் கூட்டாகப் பணியாற்றுகின்றனர்.

கடல் சூடாகும்போது

வேட்டையைத் தடை செய்யலாம். துறைமுகத்தை நிராகரிக்கலாம். வேலி போட்டு நரியைத் தடுக்கலாம். கடல்நீரின் வெப்பத்துக்கு இவை எதுவும் தடையாகாது.

2010–11 கோடையில் வலுவான லா நினா காலநிலை காரணமாக லூவின் நீரோட்டம் வழக்கத்தைவிட வலுவாகப் பாய்ந்தது. மேற்குக் கரை நீரின் வெப்பம் வழக்கத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தது. ஷார்க் பேயின் கடற்புல்லில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சேதமடைந்தது. கல்பாரியை ஒட்டிய கடலில் ஏறத்தாழ 100 கிமீ நீளத்துக்கு இருந்த கெல்ப் கடற்பாசிக் காடுகள் மறைந்தன. கடற்புல் தன் வேரடி மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரிமத்தைச் சேமித்து வைத்திருப்பது. புல் அழிந்தால் அந்தக் கரிமம் மீண்டும் வெளியேறி வெப்பத்தை மேலும் கூட்டும்.

2024-இன் பிற்பகுதியில் தொடங்கி 2025 வரை மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் நீண்ட வெப்ப அலை நிலவியது. பவள உயிரியின் திசுவுக்குள் வாழும் நுண்பாசியே அதற்கு உணவும் நிறமும் தருகிறது. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அப்பாசியை வெளியேற்றி வெண்மையாகிறது. இதுவே பவள வெளிறல். வெப்பம் விரைவில் தணிந்தால் பவளம் மீளும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும். 2025-இன் தொடக்கத்தில் நிங்கலூவில் அதுவரை பதிவாகாத அளவில் வெளிறல் ஏற்பட்டது. அதே காலத்தில் கிழக்கே பெருந்தடுப்புப் பவளத்திட்டிலும் வெளிறல் காணப்பட்டது. நாட்டின் இரு கரைகளிலும் உள்ள உலகப் பாரம்பரியத் திட்டுகள் ஒரே நேரத்தில் வெளிறியது இதுவே முதல் முறை.

மாட்ஸ் லேண்டிங் திட்டத்தை நிறுத்த ஒரு மாநில அரசின் முடிவு போதுமானதாக இருந்தது. கடலின் வெப்பத்தைக் குறைக்கும் முடிவை எந்த ஒரு மாநிலமும் தனித்து எடுக்க முடியாது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிக்கும் எல்லா நாடுகளுக்கும் அதில் பங்கு உண்டு. எக்ஸ்மவுத்திலிருந்து தெற்கே வரும் தார்ச்சாலை, கேப் ரேஞ்ச் பூங்காவுக்குள் யார்டி ஓடையின் கரையில் முடிகிறது. அதற்கு மேற்கே, கரைக்கு அருகில் அலைகள் உடையும் வெள்ளைக் கோடு தெரியும். பவளத்திட்டின் வெளிவிளிம்பு அதுதான். அந்தக் கோட்டுக்கு உட்புறம் இறந்த பவளக் கிளைகளுக்கு நடுவே புதிய பவளங்கள் வேரூன்றுமா என்பதை ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் அளந்து வருகின்றனர். அடுத்த வெப்ப அலைக்கு முன் எத்தனை ஆண்டுகள் இடைவெளி கிடைக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கும்.